தோல் நோயும் மூட்டு வலியும் பரம்பரையாக வருமா?

காலையில் எழுந்ததும் கை விரல்களை மடக்க முடிவதில்லை. காலில் ஒரே ஒரு விரல் மட்டும் அடி முதல் நுனி வரை வாழைக்காய் போல வீங்கி நிற்கிறது. குதிகாலைத் தரையில் ஊன்றினால் ஊசி குத்துகிறது. அரை மணி, முக்கால் மணி நேரம் நடமாடிய பிறகுதான் உடம்பு வழிக்கு வருகிறது.

"வாயு" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். "பெங்களூர் குளிர் உனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்கிறார் ரூமில் கூட இருப்பவர். மருந்துக் கடைக்காரர் "யூரிக் ஆசிட்" என்று சொல்லி வலி மாத்திரை கொடுக்கிறார். மாத்திரையை விழுங்கிவிட்டு பஸ் ஏறிவிடுகிறார் தொழிலாளி.

அதே ஆளுக்கு முழங்கையில் பல வருடங்களாக ஒரு படை இருக்கும். தலையிலிருந்து செதில் செதிலாக உதிரும். அதைப் "பொடுகு" என்று விட்டிருப்பார். நகத்தில் குண்டூசியால் குத்தியது போலச் சிறு சிறு குழிகள் விழுந்திருக்கும். அதை அவரும் பார்த்திருக்க மாட்டார், டாக்டரும் பார்த்திருக்க மாட்டார்.

தோல், நகம், மூட்டு என்று மூன்று இடத்தில் தெரியும் இந்தத் தொல்லைக்கு வேர் ஒன்றாகவே இருக்கலாம். தோல் நோய்க்கு சொரியாசிஸ் என்று பெயர். சித்த வைத்தியர்கள் காளாஞ்சகப் படை என்பார்கள். அதோடு சேர்ந்து வரும் மூட்டு நோய்க்கு சொரியாட்டிக் ஆர்த்ரைட்டிஸ் என்று பெயர். சொரியாசிஸ் மூட்டு வாதம் என்று தமிழில் சொல்லலாம்.

சொரியாசிஸ் உள்ளவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய இருபது பேருக்கு இந்த மூட்டு வாதம் வருவதாக உலக அளவிலான கணக்குகள் கூறுகின்றன. நாட்டுக்கு நாடு இது கூடும், குறையும். பெரும்பாலும் தோல் நோய்தான் முன்னால் வருகிறது. பத்து வருடம் கழித்துக்கூட மூட்டு பிடித்துக்கொள்ளும். சிலருக்கு மட்டும் மூட்டு முந்திக்கொள்ளும்.

தொற்று நோயா?

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிட வேண்டும். இது ஒட்டுவாரொட்டி அல்ல. ஒரே ரூமில் நாலு பேர் தங்கி, ஒரே வாளியில் தண்ணீர் மொண்டு குளித்தாலும், ஒரே துண்டில் துவட்டினாலும் ஒருவரிடமிருந்து மற்றவருக்கு வராது. சொரியாசிஸ் உள்ளவரைத் தனித் தட்டில் சாப்பிடச் சொல்வது அறியாமை. குஷ்டம் என்று பயந்து ரூமைக் காலி செய்யச் சொல்வது அநியாயம்.

தொற்றாது என்றால் எங்கிருந்து வருகிறது? இங்கேதான் பரம்பரை நுழைகிறது.

லீட்ஸ் நகரில் எடுத்த கணக்கு

படையும் மூட்டு வலியும் சேர்ந்து வருவதைப் பிரான்சு நாட்டு டாக்டர் அலிபெர் 1818-லேயே எழுதி வைத்தார். 1860-ல் பசேன் என்ற இன்னொரு பிரெஞ்சு டாக்டர் அதற்குத் தனிப் பெயர் கொடுத்தார். ஆனாலும் இது தனி நோய்தானா, அல்லது ருமட்டாய்டு எனப்படும் சாதாரண முடக்கு வாதம் தற்செயலாகப் படை உள்ளவருக்கு வந்ததா என்ற சண்டை நூறு வருடம் நடந்தது. 1964-ல்தான் அமெரிக்க வாத நோய்ச் சங்கம் தனி நோய் என்று ஒப்புக்கொண்டது.

1973-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஜான் மோல், வெர்னா ரைட் என்ற இரண்டு டாக்டர்கள் ஒரு வேலை செய்தார்கள். நோயாளியை மட்டும் பார்த்து அனுப்பாமல், அவருடைய தாய், தந்தை, உடன்பிறந்தோர், பிள்ளைகள் எல்லோரையும் பரிசோதித்தார்கள். அந்த நெருங்கிய உறவினர்களில் நூற்றுக்கு ஐந்தாறு பேருக்கு அதே மூட்டு வாதம் இருந்தது. ஊரில் பொதுவாக ஆயிரத்தில் ஒருவர், இருவருக்கு வரும் நோய் இது!

2009-ல் ஐஸ்லாந்து நாட்டிலிருந்து இதைவிடத் துல்லியமான கணக்கு வந்தது. அது சிறிய தீவு. பல நூறு வருடத்து வம்சாவளி அங்கே பதிவாகி இருக்கிறது. யாருக்கு யார் சித்தப்பா, யாருக்கு யார் ஒன்றுவிட்ட பேத்தி என்று கம்ப்யூட்டரைக் கேட்டால் சொல்லிவிடும். அங்கே ஒருவருக்கு இந்த வாதம் இருந்தால், அவருடைய பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோருக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களைப் போல 39 மடங்கு என்று தெரிந்தது. தாத்தா, பேரன், மாமன், அத்தை போன்ற அடுத்த வட்டத்தில் 12 மடங்கு. அதற்கும் அடுத்த வட்டத்தில் ஏறக்குறைய மூன்றரை மடங்கு. உறவு விலக விலக ஆபத்தும் படி இறங்குகிறது.

39 மடங்கு என்றதும் பயந்துவிடக் கூடாது. அரிதாக வரும் நோயின் 39 மடங்கு அது. கணக்குப் போட்டால் மறுபடியும் லீட்ஸ் டாக்டர்கள் சொன்ன நூற்றுக்கு ஐந்தாறில்தான் வந்து நிற்கும். அதாவது நெருங்கிய உறவினர் நூறு பேரில் தொண்ணூற்று நாலு பேருக்கு இது வருவதே இல்லை.

படை மட்டும் வரும் வாய்ப்பு இதைவிட அதிகம். ஜெர்மன் ஆய்வு ஒன்றின்படி, பெற்றோரில் ஒருவருக்கு சொரியாசிஸ் இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு நூற்றுக்கு 14. இருவருக்கும் இருந்தால் 41. இருவருக்கும் இல்லாவிட்டால் 2.

தாய் வழியா, தந்தை வழியா?

பிள்ளைக்குத் தோலில் ஏதாவது வந்துவிட்டால் நம் வீடுகளில் முதலில் மாட்டுவது மருமகள்தான். "எங்கள் வம்சத்தில் யாருக்கும் இல்லை. அவள் வீட்டுச் சீர்" என்பார்கள்.

கனடாவின் டொரண்டோ நகரில் இந்த நோய்க்கென்றே நெடுங்காலமாக ஒரு கிளினிக் நடக்கிறது. அங்கே 1999-ல் வெளியிட்ட ஆய்வில், பெற்றோரில் ஒருவருக்கு நோய் இருந்த குடும்பங்களை எடுத்துப் பார்த்தார்கள். தாயைவிடத் தந்தை வழியாக வந்ததே அதிகமாக இருந்தது. தந்தையிடமிருந்து வரும் ஜீனும் தாயிடமிருந்து வரும் ஜீனும் உடம்பில் ஒரே மாதிரி வேலை செய்யாமல் போகலாம் என்று விளக்கம் சொல்கிறார்கள். மாமியார்கள் கவனிக்க வேண்டிய செய்தி இது.

கேட்டில் நிற்கும் வாட்ச்மேன்

ஜீன் எனப்படும் மரபணு இதில் என்ன செய்கிறது?

எச்.ஏ.எல்., பி.இ.எல். போன்ற பெரிய தொழிற்சாலை கேட்டில் அடையாள அட்டையைப் பார்த்துத்தான் ஆளை உள்ளே விடுவார்கள். நம் உடம்பின் ஒவ்வொரு செல்லும் இப்படி ஓர் அட்டையை மாட்டிக்கொண்டிருக்கிறது. அந்த அட்டைக்கு எச்.எல்.ஏ. என்று பெயர். ரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்கள்தான் வாட்ச்மேன். அட்டையில் அன்னியப் பொருள் ஏதாவது ஒட்டியிருந்தால் சண்டைக்குக் கிளம்பும். கிருமியை ஒழிக்க இயற்கை செய்த ஏற்பாடு இது. இந்த அட்டை பற்றிய கண்டுபிடிப்புகளுக்காக பிரெஞ்சுக்காரர் ஜான் டோசே 1980-ல் இரண்டு அமெரிக்க விஞ்ஞானிகளோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

அட்டையின் வடிவத்தைத் தீர்மானிப்பவை ஆறாவது குரோமோசோமில் உள்ள ஜீன்கள். ஆளுக்கு ஆள் அவை மாறும். சில வடிவங்கள் வாட்ச்மேனைக் குழப்பிவிடுகின்றன. சொந்த ஆளையே திருடன் என்று நினைத்து அவன் அடிக்க ஆரம்பித்தால் தோலில் படையும் மூட்டில் வீக்கமும் கிளம்புகின்றன.

இந்த வடிவங்களுக்கு எண் கொடுத்திருக்கிறார்கள். சி-6 என்ற வடிவம் உள்ளவர்களுக்கு சொரியாசிஸ் சின்ன வயதிலேயே வரும், தோலில் அதிகமாக இருக்கும். ஆனால் மூட்டு பாதிக்கப்படுவது குறைவு, அல்லது தாமதமாக வரும். பி-27 உள்ளவர்களுக்கு இதற்கு நேர்மாறு. தோலுக்கும் மூட்டுக்கும் இடைவெளி குறைவாக இருக்கும், முதுகெலும்பும் இடுப்பும் பிடித்துக்கொள்ளும். பி-8, பி-38, பி-39 என்ற வடிவங்களும் மூட்டு நோயோடு சேர்ந்து காணப்படுகின்றன. ஒரே நோய் ஒருவருக்கு விரலிலும் இன்னொருவருக்கு முதுகிலும் வருவதன் ரகசியம் ஓரளவு இங்கே இருக்கிறது.

எச்.எல்.ஏ. தவிர வேறு பல ஜீன்களும் சிறிது சிறிதாகப் பங்கு வகிக்கின்றன. அவற்றில் முக்கியமானவை, இன்டர்லூக்கின்-23 என்ற தூதுப் பொருளோடு சம்பந்தப்பட்டவை. வெள்ளை அணுக்களைச் சண்டைக்கு உசுப்பிவிடும் பொருள் இது. இதைத் தடுக்கும் ஊசிகள் இப்போது மருந்தாகவே வந்துவிட்டன.

தமிழர்களிடம் நடந்த ஆய்வு

இதெல்லாம் வெள்ளைக்காரர் ரத்தத்தில் பார்த்தது, நமக்குப் பொருந்துமா என்ற கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் புதுச்சேரியில் கிடைத்தது. ஜிப்மர் ஆஸ்பத்திரி ஆராய்ச்சியாளர்கள் தென்னிந்தியத் தமிழர்களையே எடுத்துக்கொண்டு, சொரியாசிஸ் உள்ளவர்களின் ஜீன்களை நோய் இல்லாதவர்களின் ஜீன்களோடு ஒப்பிட்டார்கள். 2016-ல் வெளியான அவர்கள் ஆய்வின்படி, தமிழர்களிடமும் சி-6 வடிவம் இந்த நோய்க்கு இடம் கொடுப்பதாகவே தெரிகிறது. படைக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை யாருக்குக் கேட்கும், யாருக்குக் கேட்காது என்பதை ஜீனைப் பார்த்துச் சொல்ல முடியுமா என்றும் அதே ஆஸ்பத்திரியில் ஆராய்ந்தார்கள்.

ஹண்டிகோடு கிராமமும் நம் வீடும்

பரம்பரை மூட்டு நோய் என்றால் கர்நாடகத்தில் பலருக்கு நினைவு வருவது ஹண்டிகோடு. சிவமொக்கா மாவட்டம் சாகர் தாலுகாவில் உள்ள கிராமம். 1970-களின் நடுவில் அங்கே ஏழைக் கூலித் தொழிலாளர் குடும்பங்களில் இடுப்பும் முழங்காலும் வளைந்து, நடக்க முடியாமல் பலர் முடங்கியது வெளியே தெரிந்தது. பூச்சி மருந்து தெளித்த வயலில் பிடித்த நண்டைத் தின்றதால் வந்தது என்று முதலில் சந்தேகப்பட்டார்கள். பிறகு வம்சாவளியை ஆராய்ந்தபோது, அது தலைமுறை தலைமுறையாக இறங்கும் நோய் என்று தெரிந்தது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தாலே பிள்ளைகளில் பாதிப் பேருக்கு வரக்கூடிய வகை அது.

சொரியாசிஸ் மூட்டு வாதம் அந்த வகை அல்ல. இங்கே ஒரே ஜீன் எல்லாவற்றையும் முடிவு செய்வதில்லை. பல ஜீன்கள் சேர வேண்டும், வெளியிலிருந்தும் ஏதாவது தூண்ட வேண்டும். ஒரே கருவிலிருந்து பிறந்து ஒரே மாதிரி ஜீன் உள்ள இரட்டையரிலேயே ஒருவருக்குப் படை வந்து மற்றவருக்கு வராமல் இருப்பது உண்டு.

மூட்டை தூக்குவோர் கவனத்துக்கு

தூண்டுகோல் என்ன? சொரியாசிஸ் உள்ளவருக்கு அடிபட்ட இடத்திலேயே புதிதாகப் படை கிளம்புவது உண்டு. மூட்டிலும் இது போல நடக்கலாம் என்று டாக்டர்கள் சந்தேகிக்கிறார்கள்.

டொரண்டோ கிளினிக்கில் 2011-ல் இதைச் சோதித்தார்கள். சொரியாசிஸ் உள்ளவர்களையே இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். மூட்டு வாதம் வந்தவர்கள் ஒரு பக்கம், வராதவர்கள் ஒரு பக்கம். வந்தவர்களிடையே கனமான சுமை தூக்கும் வேலை செய்தவர்கள், டாக்டரிடம் போகும் அளவுக்கு அடிபட்டவர்கள், ஆன்டிபயாடிக் மருந்து தேவைப்பட்ட தொற்று நோய் வந்தவர்கள் அதிகமாக இருந்தார்கள். மணிக்கு 100 பவுண்டு, அதாவது 45 கிலோ அளவுக்குச் சுமை தூக்குவதை அவர்கள் கனம் என்று எடுத்துக்கொண்டார்கள். கலாசிபாளையத்திலும் கே.ஆர். மார்க்கெட்டிலும் மூட்டை சுமப்பவர்களுக்கும், கட்டட வேலையில் சிமெண்டு மூட்டை ஏற்றுபவர்களுக்கும் அது ஒரு நடைச் சுமை!

இதற்காக வேலையை விட்டுவிட முடியாது. ஆனால் படை உள்ள சுமை தூக்கும் தொழிலாளி ஒருவர், விரல் வீங்கினால் "வேலை செய்கிற உடம்பு, வலிக்கத்தான் செய்யும்" என்று தள்ளிப் போடக் கூடாது. உடல் பருமனும் இந்த வாதத்துக்கு வழிவிடுகிறது. நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கும் குமாஸ்தாவுக்கும் தப்பில்லை.

"எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை"

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்கும் கேள்விகளில் ஒன்று, "உங்கள் குடும்பத்தில் யாருக்காவது இது இருந்ததா?" என்பது. உடனே வரும் பதில், "யாருக்கும் இல்லை."

இந்தப் பதில் பல நேரம் பொய். சொல்பவருக்கே அது பொய் என்று தெரியாது. தாத்தா வெயில் காலத்திலும் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு இருந்தார். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. அத்தைக்கு விரல்கள் கோணிப் போயிருந்தன. பிரசவத்தில் குளிர் தாக்கியது என்றார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் காதில் விழக் கூடாது என்று மூடி வைத்தது, பிறகு வீட்டுக்குள்ளேயே மறந்து போனது. வேலூர், திருவண்ணாமலை, தருமபுரி பக்கத்திலிருந்து பிழைக்க வந்து இரண்டு தலைமுறை ஆகிவிட்ட குடும்பங்களில், ஊரில் இருந்த பெரியவர்களின் நோய் பற்றிப் பேரனுக்கு எதுவும் தெரிவதில்லை.

சர்வதேச வாத நோய் டாக்டர்கள் 2006-ல் வகுத்த விதிமுறைகளில் குடும்பத்தில் சொரியாசிஸ் இருந்ததா என்பதற்கும் ஒரு புள்ளி உண்டு. நோயாளியின் தோலில் படையே இல்லாவிட்டாலும், தாய் தந்தைக்கோ உடன்பிறந்தோருக்கோ தாத்தா பாட்டிக்கோ இருந்தது என்ற ஒரே தகவலால் நோய் பிடிபடலாம். எனவே ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் ஊருக்கு ஒரு போன் போட்டு, வயதான அத்தையையோ பெரியம்மாவையோ கேட்பது வீண் செலவாகாது. "சொரியாசிஸ் இருந்ததா?" என்று கேட்டால் அவர்களுக்குப் புரியாது. "யாருக்காவது உடம்பில் வெள்ளி மாதிரி செதில் உதிர்ந்ததா, விரல் கோணியதா, முதுகு வளைந்ததா?" என்று கேட்க வேண்டும்.

ஜீன் பரிசோதனை செய்துகொள்ளலாமே என்பார்கள் சிலர். லேபரட்டரிகளில் பி-27 பரிசோதனை உண்டு. முதுகு வலிக்கு டாக்டர் எழுதிக் கொடுத்தால் செய்துகொள்ளலாம். தானாகப் போய்ச் செய்து பயந்துகொள்வதில் பயன் இல்லை. பி-27 உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு எந்த நோயும் வருவதில்லை. அது இல்லாதவர்களுக்கும் இந்த வாதம் வருகிறது. முடக்கு வாதத்துக்குப் பார்க்கும் ரத்தப் பரிசோதனையும் இதில் பெரும்பாலும் "இல்லை" என்றே வரும். ரிப்போர்ட் நன்றாக இருக்கிறது என்று அதைப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடக் கூடாது.

ஆறு மாதத்தின் விலை

தாமதம் செய்தால் என்ன ஆகும் என்பதை அயர்லாந்தின் டப்ளின் டாக்டர்கள் 2015-ல் காட்டினார்கள். அறிகுறி தோன்றி ஆறு மாதத்துக்குப் பிறகு நிபுணரிடம் வந்தவர்களுக்கு, முன்னால் வந்தவர்களைவிட மூட்டு எலும்பு அதிகமாக அரித்துப் போயிருந்தது. கை கால்களைப் பயன்படுத்தும் திறனும் குறைந்திருந்தது. அரித்த எலும்பு திரும்ப வளராது. கையை நம்பிப் பிழைக்கிறவனுக்கு இதைவிடப் பெரிய நஷ்டம் இல்லை.

சிகிச்சையில் பல படிகள் உண்டு. முதலில் வீக்கத்தைக் குறைக்கும் மாத்திரைகள். அது போதாதபோது அதிகமாகக் கொடுக்கப்படுவது மெத்தோட்ரெக்சேட். விலை குறைவு, அரசு ஆஸ்பத்திரிகளிலும் எழுதிக் கொடுக்கிறார்கள். ஆனால் இதை வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். சீக்கிரம் குணமாகட்டும் என்று தினமும் சாப்பிட்டு, வாய் வெந்து, ரத்த அணுக்கள் குறைந்து உயிருக்கே ஆபத்தானவர்கள் உண்டு. எந்தக் கிழமை என்று டாக்டரிடம் கேட்டு காலண்டரில் குறித்து வைத்துக்கொள்வது நல்லது. சாராயம் கூடாது. ஈரலுக்கு ரத்தப் பரிசோதனை அவ்வப்போது செய்ய வேண்டும். கர்ப்பிணிகளும், குழந்தை பெறும் எண்ணத்தில் இருப்பவர்களும் முன்பே டாக்டரிடம் சொல்லியாக வேண்டும்.

இதற்கும் கேட்காவிட்டால் 'பயலாஜிக்ஸ்' எனப்படும் ஊசிகள் இருக்கின்றன. போடுமுன் காசநோய் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். விலை அதிகம். இந்தியக் கம்பெனிகளே சிலவற்றைத் தயாரிக்கத் தொடங்கிய பிறகு ஓரளவு இறங்கியிருக்கிறது. பெங்களூரின் பயோகான் நிறுவனம்கூட 2013-ல் இட்டோலிசுமாப் என்ற ஊசியைத் தோல் படைக்காக வெளியிட்டது. கியூபா நாட்டில் பிறந்த மருந்து அது.

எச்சரிக்கை ஒன்று. பெயர் தெரியாத பொடியையும், கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு மாத்திரையையும் நம்பக் கூடாது. இரண்டே நாளில் வலி பறந்துவிடும். நிறுத்தியதும் படை உடம்பு முழுவதும் சீழ்க் கொப்புளமாகப் பொங்குவது உண்டு.

எங்கே போவது?

சிவாஜி நகர் பௌரிங் ஆஸ்பத்திரியிலும், கே.ஆர். மார்க்கெட் அருகே விக்டோரியா ஆஸ்பத்திரியிலும் தோல் பிரிவு இருக்கிறது. இ.எஸ்.ஐ. கார்டு உள்ளவர்கள் ராஜாஜி நகர் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குப் போகலாம். கோரமங்களா பக்கம் செயின்ட் ஜான்ஸ் ஆஸ்பத்திரியில் வாத நோய்க்கென்றே தனிப் பிரிவு உண்டு.

கன்னடம் தெரியாது என்று தயங்க வேண்டியதில்லை. "சர்ம ரோக" என்று எழுதியிருப்பது தோல் பிரிவு. மூட்டு வலிக்கு "கீலு நோவு" என்றால் நர்சுக்குப் புரியும். நகத்துக்கு "உகுரு". தோல் டாக்டரிடம் மூட்டு வலியையும், எலும்பு டாக்டரிடம் படையையும் சொல்லாமல் வந்துவிடுவதுதான் வழக்கமாக நடப்பது. தலையை, முழங்கையை, நகத்தை, வீங்கிய விரலை, எல்லாவற்றையும் அதே டாக்டரிடம் காட்ட வேண்டும். ஊரிலிருந்து அத்தை போனில் சொன்னதையும் சேர்த்துச் சொல்லி, ஓ.பி. சீட்டில் எழுதச் சொல்லிக் கேட்க வேண்டும்.